வழி சொல்லாத மலை

என் பிடிவாதக்காரிக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நீலகிரிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலை ஆகிவிட்டது என்ற வரியைப் படித்ததும் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. பால் பொங்கினால் நல்ல சகுனம்தானே என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ரேஷன் காலத்தில் பால் போன வயிற்றெரிச்சல் அவளுக்கென்ன தெரியும்! இருந்தாலும் சந்தோஷம் கண்ணு, ரொம்ப சந்தோஷம். உன் அப்பா இருந்திருந்தால் அரூர்க் கடைத்தெரு முழுக்க நடந்து, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருப்பார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல சேதி வரும்போதுதான் அவர் இல்லாதது அதிகமாகத் தெரிகிறது.

கடிதத்தின் இரண்டாம் பக்கம் வந்ததும் என் முகம் மாறிவிட்டது. அப்பா நடத்தியது போலவே அங்கேயும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு திசைநடைச் சங்கம் தொடங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதுவரைக்கும் சரி. அதற்கடுத்து என்ன எழுதினாய்? ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை, நல்ல காம்பஸும் நல்ல படமும் இருந்தால் போதும், சித்தேரி அடிவாரக் காட்டில் வழி தப்பி ஒருத்தர் உதவியும் இல்லாமல் தனியாக இறங்கி வந்தவள் நான், எனக்குத் தெரியாதா என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நீ வழி தப்பிய அன்று உனக்கு வயது பன்னிரண்டு. அன்று நீ நடந்தது உனக்குத் தெரியும். உன்னைச் சுற்றி என்ன நடந்தது என்பது இன்றுவரை உனக்குத் தெரியாது. சொல்லாதே என்று ஒருத்தி கேட்டுக்கொண்டாள், அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனிமேல் முடியாது. ஊரான் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகப்போகிறாய். இதை நீ தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். உன்னோடு படித்துவிட்டு வேலைக்குப் போகிற மற்றப் பெண்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. ரகசியம் ஒன்றுமில்லை.

முதலில் அந்தச் சங்கம் எப்படி வளர்ந்தது என்று சொல்கிறேன். நீ அப்போது பாவாடை தடுக்கி விழுகிற பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது. அப்பா டிரில் வாத்தியார். யாரோ ஒரு துரை விட்டுப்போன பித்தளை காம்பஸ் ஒன்று அவர் கைக்கு வந்தது. அவ்வளவுதான், மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்கென்று மலிவு காம்பஸ்களும் வாங்கிச் சேர்த்தார். தாலுக்காப் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஓடையும் பாறையும் புளியமரமுமாகக் கையால் படம் வரைந்தார். காட்டில் அங்கங்கே மரத்தில் சிவப்புத் துணி கட்டி, அடியில் ஒவ்வொரு நிறத்தில் சாக்பீஸ் வைப்பார். பிள்ளைகள் தனித்தனியாகப் படத்தையும் காம்பஸையும் வைத்துக்கொண்டு துணி கட்டிய மரங்களைத் தேடிப்போய், கையில் உள்ள அட்டையில் அந்தந்த நிறக் கோடு போட்டுக்கொண்டு திரும்பி வர வேண்டும். முதலில் வந்தவர் ஜெயித்தவர். முதல் வருஷம் தீர்த்தமலை அடிவாரத்தில் நடத்தினார். வந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேர் நம் தெருப் பிள்ளைகள், நான் போண்டா சுட்டுத் தருகிறேன் என்று சொன்னதற்காக வந்தவர்கள்.

பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று அப்பாவுக்குப் புரியவே இல்லை. படத்தை இன்னும் அழகாக வரைந்தார். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் ஒருநாள் கம்பைநல்லூர்ச் சந்தைக்குப் போனபோது, கம்பு அளந்துகொண்டிருந்த ஒரு குடியானவ வீட்டம்மாவிடம் கேட்டேன். "ஏனுங்க, உங்க பையன் நல்லா ஓடுறானே, எங்க ஆட்டத்துக்கு அனுப்பக்கூடாதா?" அந்தம்மா படியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வாத்தியாரம்மா, புள்ளைய காட்டுல வுட்டுட்டு நீங்க மரத்தடியில குந்திக்கிறீங்க. நடுவுல அவனுக்கு தாகம் எடுத்தா யாரு தண்ணி குடுப்பா? கால்ல முள்ளு குத்தினா யாரு புடுங்குவா? படமா புடுங்கும்?" என்றாள். அப்புறம் அவளே, "எங்க வூடு நீங்க ஆட்டம் நடத்துற ஓடைக்கு மேலதான் இருக்குது. அன்னைக்கு ஒரு பானை மோரு கரைச்சு வெச்சிக்கிட்டு நான் நிக்கிறேன். எம்புள்ளையும் வருவான்" என்றாள். அன்றைக்குத்தான் சங்கம் பிறந்தது என்று நான் சொல்வேன். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், காம்பஸ் வந்த அன்றைக்குத்தான் பிறந்தது என்பார்.

அதற்குப்பிறகு அவர் படம் வரைவார், நான் வீடு வீடாகப் போவேன். இந்த மரத்துக்குக் கிட்ட யார் வீடு இருக்கிறது, அந்தப் பாறைக்குப் பக்கத்தில் யார் ஆடு மேய்ப்பார்கள், எந்த வீட்டில் வண்டி இருக்கிறது, யாருக்குச் சுளுக்கு வழிக்கத் தெரியும் என்று விசாரிப்பதே என் வேலை. ஒரு வீடு ஒத்துக்கொண்டால் அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் நாலு ஊரிலிருந்து பிள்ளைகளை அனுப்பினார்கள். கன்னடம் பேசுகிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு எல்லாம் சேர்ந்துகொண்டன. பொம்மிடியில் ரயில் இறங்கி வருகிற பிள்ளைகளுக்கு ஸ்டேஷன் பக்கத்து வீடுகளில் களியும் கீரைக்குழம்பும் கிடைத்தது. நாலைந்து வருஷத்தில் வண்டி வண்டியாகப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பெண்பிள்ளைகளையும் அனுப்பினார்கள், நினைத்துப்பார்! வயதுக்கு வராத பிள்ளைகள்தான், இருந்தாலும் அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம்! வழி நெடுக ஒரு பொம்பளை நிற்கிறாள் என்ற ஒரே தைரியத்தில்தான் அனுப்பினார்கள். காம்பஸை நம்பி ஒரு தாயும் அனுப்பவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் சித்தேரி அடிவாரத்தில் நடத்தலாம் என்று அப்பா சொன்னார். அது பெரிய காடு. மலை ஜனங்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டு, தேனும் கடுக்காயும் எடுத்துக்கொண்டு தங்கள் பாட்டுக்கு இருப்பவர்கள். அப்பாவும் நானும் ஏறிப்போய் அவர்கள் ஊர்க்கவுண்டரைப் பார்த்தோம். ஆட்டத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காட்டுல வழி தெரியாம சுத்தறதுக்கு பந்தயமாங்க?" என்று கேட்டுவிட்டு ஊரையே கூப்பிட்டுச் சிரித்தார். ஆனால் தண்ணீர் வைக்கிறோம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று உடனே ஒத்துக்கொண்டார். அப்போதுதான் அப்பா தன் சட்டத்தைச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணுங்க. படமும் காம்பஸும் கையில வெச்சிருக்கிறவங்க யாருக்கும் வழி சொல்லிடக்கூடாது. தானா கண்டுபிடிக்கிறதுதான் ஆட்டம்."

"கேட்டாக்கூடவாங்க?" என்றார் கவுண்டர்.

"கேட்டாலும் சொல்லக்கூடாது."

"அளுதாக்கூடவாங்க?"

அப்பா சிரித்துக்கொண்டே, "அழுதாலும் சொல்லக்கூடாது" என்றார்.

கவுண்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். எங்களைப் பாதையோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கல் குவியல். அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு தழையை ஒடித்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிற சாமி அது. கவுண்டர் பக்கத்துச் செடியில் ஒரு கொத்துத் தழையை ஒடித்து அந்தக் கல்லின் மேல் போட்டார். "சரிங்க. நாங்க சொல்லமாட்டோம்" என்றார். ஊரில் பெரியவர்கள் எல்லோரும் ஒவ்வொரு தழை போட்டார்கள். மரியாதைக்குச் செய்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அப்பாவும் ஒரு தழை ஒடித்துப் போட்டுவிட்டு, என்ன நல்ல ஜனங்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே இறங்கினார். அவர் கேட்டது எவ்வளவு பெரியது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆட்டத்தன்று நடந்த உன் கதையை நீயே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். இரண்டாவது மரத்தடியில் ஒரு மலைக்காரம்மா தண்ணீர் கொடுத்தாள், தன் கையிலிருந்த இரும்புக் காப்பைக் கழற்றி உன் கையில் போட்டாள். நடு மத்தியானத்தில் காட்டில் தனியாகப் போகிற பெண்பிள்ளை கையில் இரும்பு இல்லாமல் போனால் முனி அடித்துவிடும் என்பது அவள் பயம். அவள் பெயர் வெள்ளச்சி. அவள் பெயரைக்கூட நீ கேட்டுக்கொள்ளவில்லை. காப்பு போட்ட கையாலேயே காம்பஸைப் பிடித்துக்கொண்டு, அதன் முள்ளைப் பார்த்து நடந்தாய். டீச்சரம்மா ஆகிவிட்டாயே, உனக்கு இது என்றைக்கோ உறைத்திருக்க வேண்டாமா? கிளம்பும்போதே அப்பா ஒவ்வொரு பிள்ளையிடமும் கத்தி இருக்கிறதா, ஆணி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்துத்தானே அனுப்பினார்? அன்று ராத்திரி நீ தூங்கியபிறகு உன் கைக்குப் பக்கத்தில் காம்பஸை வைத்துப் பார்த்தார். கூப்பிட்ட கன்றுக்குட்டி மாதிரி முள் காப்பின் பக்கம் திரும்பியது. அப்படித்தான் நீ போக வேண்டிய பக்கத்தை விட்டு, பள்ளத்துக் காட்டுப் பக்கம் போனாய்.

நீ தப்பாகத் திரும்பியதை வெள்ளச்சி அந்த நிமிஷமே பார்த்துவிட்டாள். அந்தப் பள்ளத்தில் கரடி உண்டு. அந்தப் பக்கம் போகாதே பாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. தழை போட்ட வாக்கு. கைக்குழந்தையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு, நீ பார்க்காதபடி புதருக்குப் பின்னாலேயே உன்னைத் தொடர்ந்து வந்தாள். குழந்தை அழுதுவிடக் கூடாதே என்று நடந்துகொண்டே பால் கொடுத்தாளாம். வந்துகொண்டே மேட்டைப் பார்த்து ஒரு கூவல் விட்டாள். மேட்டிலிருந்து இன்னொருவர், அங்கிருந்து அடுத்த குன்றுக்கு. அடிவாரத்தில் உட்கார்ந்திருந்த என் காதில் மத்தியானம் முழுக்க அந்தக் கூவல் விழுந்தது. மாடு மேய்க்கிறவர்கள் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்து, நான் போண்டாவுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையைப் பற்றித்தான் அந்த மலை பேசிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ சொல்வாயே, ஒரு இடத்தில் பாதை முள்ளடைத்துக் கிடந்தது, அதனால் யோசித்து வேறு பக்கம் திரும்பினேன் என்று. அந்த முள் அங்கே முளைத்ததல்ல. கரடிப் பள்ளத்துக்கு நீ போய்ச் சேருமுன் நாலு ஆண்கள் குறுக்கே ஓடி, சூரைமுள்ளை வெட்டி இழுத்துப் போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். சாமிக்கு வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன் என்று சொல்வாயே, அது சாமிக்கு வைத்ததல்ல. வெள்ளச்சி உனக்கு முன்னால் ஓடி வைத்துவிட்டுப் போனது. பக்கத்தில் இலையில் இருந்த களியுருண்டை அவள் மத்தியானச் சோறு. ஆட்டு மணிச் சத்தம் கேட்டது, ஆடு இருந்தால் ஊர் இருக்கும் என்று புத்தியை உபயோகித்து அதன் பின்னாலேயே இறங்கினேன் என்பாய். புத்தியை உபயோகித்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேய்ச்சல் நேரத்தில் எவனாவது ஆட்டை அடிவாரத்துக்கு ஓட்டுவானா? உனக்கு மணி கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் பட்டி ஆட்டையெல்லாம் திருப்பி, உன் நடைக்குத் தக்கபடி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். நீ ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதாயாம். அதை மட்டும் நீ எங்களிடம் சொல்லவே இல்லை. நீ அழுது முடிக்கிறவரை ஆடுகளும் நின்றன.

பொழுது சாய்கிற நேரத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள், நீ மட்டும் வரவில்லை. அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. காட்டுக்குள் ஓடப்போனவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அழக்கூட வரவில்லை, மாரியாத்தா மாரியாத்தா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆட்டு மந்தைக்குப் பின்னால் நீ வந்தாய். கிழிந்த பாவாடை, கையில் காம்பஸ், முகம் நிறையப் பெருமை. "அம்மா, நான் தனியாவே வந்துட்டேன்!" என்று கத்தினாய். உன்னைக் கட்டிக்கொண்டு உன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். காட்டு ஓரத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். ஆண்கள், பெண்கள், கிழவர்கள். அந்த ஊரே உன் பின்னால் வந்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல், ஒரு சுள்ளி முறியாமல் அத்தனை பேரும் என் பிள்ளையைச் சுற்றி நடந்து வந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. கோயிலில் தீபாராதனை காட்டும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

உன்னை வண்டியில் ஏற்றியபிறகு கவுண்டர் அப்பாவிடம் வந்து, "வாக்கு தப்பலைங்க, வாத்தியாரே" என்றார். அப்பா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "இனிமே சொல்லுங்க, யார் கேட்டாலும் சொல்லிடுங்க" என்றார். கவுண்டர் தலையை ஆட்டினார். வெள்ளச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முதுகில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அவள் கால் முழுக்க முள் கீறிய ரத்தம். அவள் முகத்தில் பெரிய கவலை. "வாத்தியாரம்மா, வழி நாங்க சொல்லலைங்க. முள்ளு போட்டதும் ஆடு ஓட்டினதும் தப்புங்களா? அதுக்காவ பாப்பா தோத்துப்போச்சுன்னு சொல்லிராதீங்க" என்றாள். அவள் காலில் விழப்போனேன், பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். "நாங்க கூட வந்தத பாப்பாகிட்ட சொல்லாதீங்க. தானா வந்தேன்னு எத்தன சந்தோசப்படுது பாருங்க" என்றாள். சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். இத்தனை வருஷமும் சொல்லவில்லை.

அப்புறம் உலகச் சண்டை வந்தது. பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போக அனுமதி கிடைக்கவில்லை, சங்கம் அப்படியே நின்றுபோனது. வெள்ளச்சியை மட்டும் வருஷா வருஷம் தீர்த்தமலைத் திருவிழாவில் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் பாப்பா எப்படி இருக்குதுங்க என்று கேட்பாள். அப்பா போனபிறகு நான் திருவிழாவுக்கே போகவில்லை, இந்த வருஷம்தான் திரும்பப் போனேன். அப்போது ஒன்று சொன்னாள். சண்டைக் காலத்தில் காக்கி உடுப்புக்காரர்கள் சிலர் மலையை அளக்க வந்தார்களாம். "கையில படம் இருந்துச்சுங்க, காம்பஸும் இருந்துச்சுங்க. அவுங்க வழி கேட்டாங்க. நாங்க யாரும் வாய தொறக்கலைங்க. தண்ணி குடுத்தோம், களி குடுத்தோம். பாவம், ரெண்டு நாளு சுத்தினாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "அடியே, வாத்தியார்தான் அன்னைக்கே இனிமே சொல்லலாம்னு சொல்லிட்டாரே!" என்றேன். அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "தழை போட்டுக் கேட்ட வாக்குங்க அது. வாயால சொன்னா தீராதுங்க. கேட்டவுங்க அந்தக் கல்லுகிட்ட வந்து இன்னொரு தழை போட்டு, ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லணும்ங்க. வாத்தியாரு வருவாருன்னு இருந்தோம்." அவர் போய்விட்டதைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு ரத்தம் வந்தாலும் செல்லும்ங்க" என்றாள்.

என் முழங்கால் சந்தைக்குப் போய்வரவே அழுகிறது, மலை ஏறாது. அவர் ரத்தமும் நீதான். அதனால் நீதான் போக வேண்டும். பொம்மிடியில் இறங்கி வீட்டுக்கு வருவாய் அல்லவா, வேலைக்குக் கிளம்புமுன் ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய்விட்டு வா. அங்கே போய்விட்டு வந்தபிறகு, நீலகிரியில் சங்கம் தொடங்குவதற்கு முதலில் காம்பஸ் வாங்க வேண்டுமா, வீடு வீடாகப் போக வேண்டுமா என்று நீயே முடிவு செய்துகொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நீ போகிற ஊரிலும் ஒரு வெள்ளச்சி இருப்பாள். அவள் பெயரையாவது கேட்டுத் தெரிந்துகொள். வழி சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டால், எப்போது சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

பெட்டியில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாயே, அந்தக் காப்பைக் கையில் போட்டுக்கொண்டு போ. அது காம்பஸை என்ன செய்தது என்று மட்டும் அவளிடம் மூச்சு விடாதே, தாங்கமாட்டாள். அப்பா வரைந்த படத்தையும் காம்பஸையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. அவை கையில் இருந்தால் அந்த மலையில் உனக்கு ஒருத்தரும் வழி சொல்லமாட்டார்கள். வெறுங்கையோடு போய், வாய் திறந்து வழி கேள். கல்லிடம் போய் ஒரு தழையை ஒடித்துப் போட்டு, ஆட்டம் முடிந்தது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல். அவர்களை விட்டுவிடு கண்ணு, பாவம், இத்தனை வருஷம் காத்துவிட்டார்கள். வெள்ளச்சி உன்னைப் பார்த்ததும் ஒன்று கேட்பாள். இந்த வருஷத் திருவிழாவிலும் என்னிடம் கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அன்னைக்கு பாப்பா ஜெயிச்சுதுங்களா?" என்று கேட்பாள். யார் ஜெயித்தது என்று நீயே அவளிடம் சொல்லிவிட்டு வா.

உன் அம்மா